என்.சி.ஏ.ஏ எலிஜிபிலிட்டி சர்டிபிகேஷன்: தங்கச்சிக்கு நானே உக்காந்து பண்ணினேன், ஏஜெண்ட் தேவையே இல்ல

தோட்டத்துப் பிள்ளைங்க யாராவது அமெரிக்கா காலேஜ்ல ஓடணும் தாண்டணும் நீந்தணும்னு ஆசை வச்சிருந்தா, அவங்க அம்மா அப்பா, அண்ணன் அக்கா இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துல, சுங்கை சிப்புட்லேர்ந்து உள்ள போற ஒரு செம்பனைத் தோட்டத்துல ஆபீஸ் கிராணி, அதான் கிளார்க். காலையில செக்ரோல், அதாவது ஆளுங்க வேலைக்கு வந்த பதிவு, மத்தியானம் குலைக் கணக்கு, இதுதான் என் வேலை. எனக்கு அமெரிக்காவுல சொந்தக்காரங்க யாரும் கெடையாது, ஸ்போர்ட்ஸ் ஆளுங்களும் தெரியாது. ஆனா தங்கச்சிக்கு இந்த சர்டிபிகேஷனை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் நான்தான் பண்ணினேன். இப்போ அவ அங்க ஒரு சின்ன டிவிஷன் 1 காலேஜ்ல லொம்பாட் கிஜாங் பண்றா, தமிழ்ல மும்முறை தாண்டுதல்னு சொல்லுவாங்களே அது.

பல பேருக்கு இது என்னன்னே தெரியல, என்கிட்ட கேக்குறவங்க பாதிப் பேரு விசான்னு நினைச்சிக்கிறாங்க, இன்னும் சில பேரு ஸ்காலர்ஷிப்னு நினைச்சிக்கிறாங்க, அதனால அதை முதல்ல சொல்லிடுறேன். என்.சி.ஏ.ஏங்கிறது அமெரிக்காவுல காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற பெரிய சங்கம். அவங்களோட எலிஜிபிலிட்டி சென்டர், அதாவது விளையாடத் தகுதி இருக்கான்னு பாக்குற ஆபீஸ், இண்டியானாபொலிஸ்ல இருக்கு. காலேஜ்களை ஸ்போர்ட்ஸுக்குன்னு மூணு டிவிஷனா பிரிச்சிருக்காங்க. டிவிஷன் 1, டிவிஷன் 2 காலேஜ்ல விளையாடணும்னா அந்தப் பிள்ளை ரெண்டு விஷயத்துல தேறணும். ஒண்ணு படிப்பு, இன்னொண்ணு அமெச்சூரிசம், அதாவது காசுக்கு விளையாடுற ஆளா இல்லையான்னு பாக்குறது. டிவிஷன் 3ல ஸ்போர்ட்ஸுக்குன்னு ஸ்காலர்ஷிப் கெடையாது, ஆனா வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு அங்கயும் அமெச்சூரிசம் சர்டிபிகேஷன் மட்டும் கேப்பாங்க. இது வந்துட்டா காலேஜ்ல இடம் கெடச்சிடும்னு நினைக்காதீங்க. காலேஜ் அட்மிஷன் வேற, விசா வேற, கோச் குடுக்குற ஸ்காலர்ஷிப் வேற. ஆனா இது இல்லாம எந்தக் கோச் எவ்வளவு ஆசைப்பட்டாலும் உங்க பிள்ளையைப் போட்டியில இறக்க முடியாது.

தங்கச்சிக்கு இந்த ஆசை வந்ததே நம்ம ஈப்போ பொண்ணு ஷெரீன் சேம்சன் வல்லபாய் மினசோட்டாவுல இருக்கிற வினோனா ஸ்டேட்டுக்குப் போய் 400 மீட்டர் ஓடுறாங்கன்னு கேள்விப்பட்டப்போதான். அப்புறம் நம்ம பேராக் பையன் அசீம் ஃபாமி 2022ல கொலம்பியா நாட்டுல காலிங்கிற ஊர்ல நடந்த உலக ஜூனியர் போட்டியில 100 மீட்டரை 10.09 செகண்ட் ஓடிட்டு அமெரிக்காவுல ஆபர்ன் யுனிவர்சிட்டிக்குப் போனாரு. ஈப்போப் பொண்ணு போறா, நான் ஏன் போகக் கூடாதுன்னு இவ கேட்டா. அப்பா ஒண்ணும் சொல்லல, தட்டைக் கழுவி வச்சிட்டு மோட்டர் எடுத்துக்கிட்டு வெளிய போனாரு, ராத்திரி வந்து எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்டாரு.

இங்கதான் நாங்க முதல் தப்பு பண்ணினோம். கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இருக்கிற ஒரு ஏஜெண்ட், பேரு வேணாம், ஒரு மீட்ல, அதாவது ஓட்டம் தாண்டல் போட்டியில, தங்கச்சியைப் பாத்துட்டு அப்பாகிட்ட வந்து பேசினாரு. மொத்தம் 6,500 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ், வீடியோ எடுத்து கோச்சுங்களுக்கு அனுப்புறது, என்.சி.ஏ.ஏ சர்டிபிகேஷன் கேரண்டி, எல்லாம் சேத்து. முன்பணம் 1,500 வெள்ளி கட்டினோம். அம்மா கூத்து, அதான் சீட்டு, போட்டு சேத்து வச்சிருந்த காசு அது. ரெண்டு மாசம் கழிச்சு அக்ரிமெண்ட் அனுப்பினாரு, நான் ஆபீஸ்ல லஞ்ச் நேரத்துல உக்காந்து வரி வரியா படிச்சேன், மூணாவது பக்கத்துல கெடைக்கிற ஸ்காலர்ஷிப் தொகையில 10 விழுக்காடு அவருக்குன்னு போட்டிருந்திச்சு.

இதை எல்லாரும் மனசுல வச்சிக்கோங்க, ஏன்னா இந்த ஒரு வரி உங்க பிள்ளையோட வாய்ப்பையே கெடுத்துடும். என்.சி.ஏ.ஏ ரூல்ல இது தெளிவா இருக்கு. வீடியோ எடுக்கிறதுக்கு, தகவல் அனுப்புறதுக்கு இவ்வளவுன்னு ஒரே தொகையா காசு வாங்கினா பிரச்சினை இல்ல. ஆனா பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்போட காலேஜ்ல இடம் வாங்கிக் குடுத்தா இவ்வளவுன்னு பேசினா அந்த ஆளை ஏஜெண்டாதான் பாப்பாங்க, ஏஜெண்ட் வச்சிக்கிட்ட பிள்ளை தகுதி இழக்கும். சர்டிபிகேஷன் வாங்கித் தர்றேன்னு காசு வாங்கினவரே அதைக் கெடுக்கிற பேப்பர்ல கையெழுத்து கேட்டிருக்காரு. நான் கையெழுத்து போட வேணாம்னு சொல்லிட்டேன். 1,500 வெள்ளி திரும்பி வரல. அம்மா அதை இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட சொல்லிக் காட்டினது இல்ல, அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

அவர் அந்த ரெண்டு மாசத்துல சர்டிபிகேஷனுக்கு என்னதான் செஞ்சாருன்னு பின்னாடி பாத்தா, காசு கட்டாத கணக்கு ஒண்ணைத் திறந்து வச்சிருந்தாரு, அவ்வளவுதான். எலிஜிபிலிட்டி சென்டர்ல மூணு வகை கணக்கு இருக்கு. ப்ரொஃபைல் பேஜ்னு ஒண்ணு, அது ஃப்ரீ, எங்க போறோம்னு இன்னும் தெரியாத பிள்ளைங்களுக்கு. அமெச்சூரிசம் மட்டும் பாக்குற கணக்கு ஒண்ணு. மூணாவதுதான் படிப்பு, ஸ்போர்ட்ஸ் ரெண்டையும் பாக்குற முழுக் கணக்கு, டிவிஷன் 1, 2 போறவங்களுக்கு அதுதான் வேணும். ஃப்ரீ கணக்குலயும் என்.சி.ஏ.ஏ நம்பர் ஒண்ணு வரும், அந்த நம்பரைக் காட்டித்தான் ரிஜிஸ்டர் ஆயாச்சுன்னு எங்களை நம்ப வச்சிருக்காரு. ஃப்ரீ கணக்குல எத்தனை வருஷம் காத்திருந்தாலும் சர்டிபிகேஷன் வராது. ஆனா அதையே முழுக் கணக்கா மாத்திக்கலாம், புதுசா இன்னொண்ணு திறக்கக் கூடாது. நான் முதல் வேலையா மின்னஞ்சலை தங்கச்சி பேருக்கு மாத்தினேன், அப்புறம் காசு கட்டினேன். 2023ல நாங்க கட்டும்போது வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு 160 டாலர், நம்ம காசுக்கு எழுநூத்துச் சொச்சம் வெள்ளி. இந்தத் தொகை மாறும், அப்பப்போ பாத்துக்கோங்க. 6,500 எங்க, 700 எங்க.

அடுத்து பேரு. இது நம்ம ஆளுங்களுக்கு மட்டுமே வர்ற தலைவலி. ஐசியில (அடையாள அட்டை), பாஸ்போர்ட்டுல, ஃபார்ம் 5 கடைசியில எழுதுற எஸ்.பி.எம் பொதுப் பரிட்சை ஸ்லிப்புல எல்லாம் நம்ம பேரு, நடுவுல அனாக் பெரெம்புவானோட, அதாவது 'மகள்'ங்கிற மலாய் வார்த்தையோட சுருக்கம், அப்புறம் அப்பா பேருன்னு இருக்கும். அமெரிக்கா கணக்குல முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம்தான். அந்த ஏஜெண்ட் அப்பா பேரை முதல் கட்டத்துல போட்டு வச்சிட்டாரு. அப்படியே விட்டிருந்தா கணக்குல ஒரு ஆளு, சர்டிபிகேட்ல வேற ஒரு ஆளு. நான் பாஸ்போர்ட்டை எதுக்க வச்சி அதுல இருக்கிற மாதிரியே திருத்தினேன், காலேஜ் ஃபாரத்துலயும் அதே மாதிரி போட்டேன், குடும்பப் பேருங்கிற வழக்கம் நமக்கு இல்ல, இது அப்பா பேருன்னு ரெண்டு வரி எழுதியும் அனுப்பினேன். அதுக்கப்புறம் பேரைப் பத்தி ஒரு கேள்வி கூட வரல.

இப்போ படிப்புப் பக்கம். இதுதான் பெரிய வேலை. டிவிஷன் 1க்கு 16 கோர் பாடம், அதாவது முக்கியப் பாடம், வேணும். இங்கிலீஷ் 4 வருஷம், கணக்கு 3, சயின்ஸ் 2, சமூக அறிவியல் 2, இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் இந்த மூணுல ஏதோ ஒண்ணுல இன்னும் ஒரு வருஷம், மிச்சம் 4 வருஷத்துக்கு மேல சொன்ன பாடங்களோ வேற மொழிப் பாடமோ வரலாம். பெண்டிடிக்கான் ஜஸ்மானி, அதான் உடற்கல்வி, எல்லாம் இதுல சேராது, ஓட்டக்காரி ஸ்போர்ட்ஸ் பாடத்துல எவ்வளவு மார்க் எடுத்தாலும் கணக்குல வராது. இந்த 16ல எடுத்த கிரேடை அவங்க 4.0 அளவுக்கு மாத்துவாங்க, டிவிஷன் 1க்கு 2.3, டிவிஷன் 2க்கு 2.2 வரணும். டிவிஷன் 1ல 2.0க்கு மேல 2.3க்குக் கீழ வந்தா ஸ்காலர்ஷிப் வாங்கலாம், பயிற்சி எடுக்கலாம், முதல் வருஷம் போட்டியில மட்டும் இறங்க முடியாது. அமெரிக்கா காலேஜ் சேர எழுதுற சேட், ஏசிடி பரிட்சையை 2023 ஜனவரியில ரூல்லேர்ந்து எடுத்துட்டாங்க, அதாவது என்.சி.ஏ.ஏ கேக்காது, ஆனா சில காலேஜ் அட்மிஷனுக்கு இன்னும் கேக்கும்.

சரி, நம்ம எஸ்.பி.எம்மை அவங்க எப்படிப் பாப்பாங்கன்னு பயப்படாதீங்க. நாடு வாரியா என்னென்ன சர்டிபிகேட்டை எப்படி எடுத்துக்கிறதுன்னு ஒரு கைட் போட்டிருக்காங்க, இலவசமாவே படிக்கலாம், மலேசியாவும் அதுல இருக்கு. அவங்க கேக்குறது ஒன்பதாம் வருஷத்துலேர்ந்து உள்ள ரிசல்ட் எல்லாம், நமக்கு அது ஃபார்ம் 3. எஸ்.பி.எம் ஸ்லிப் ஒண்ணைக் கையில வச்சிக்கிட்டு எல்லாம் இருக்குன்னு நினைக்காதீங்க. ஃபார்ம் 3, 4, 5 மூணு வருஷத்து ஸ்கூல் ரிசல்ட்டும் வேணும்.

எங்களுக்கு அந்த ஃபார்ம் 3 தான் மாட்டிக்கிச்சு. தங்கச்சி ஃபார்ம் 3 படிச்சது 2020. எம்.சி.ஓ, அதான் கோவிட் ஊரடங்கு, போட்ட வருஷம் லா. அந்த வருஷம் ஃபார்ம் 3 பிள்ளைங்க எழுதுற பி.டி.3 பொதுப் பரிட்சையையே கேன்சல் பண்ணிட்டாங்க, ஸ்கூல் பாதி நாள் மூடிக் கெடந்திச்சு, இவ லயத்து வாசல்ல சிக்னல் தேடிக்கிட்டு அப்பா ஃபோன்ல வகுப்பு பாத்தா. ரிசல்ட்டுன்னு ஒரு பேப்பர் வீட்டுல கெடையாது. ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கிற அக்காகிட்ட போய் நின்னேன், அவங்க மலாய்க்கார அக்கா, நல்ல மனசு, ரெண்டு நாள் கழிச்சு வான்னு சொல்லி, பழைய ஃபைல்லேர்ந்து வருஷக் கடைசி மதிப்பீட்டை எடுத்து, ஸ்கூல் தலைப்புத் தாள்ல அடிச்சி, இந்த வருஷம் பொதுப் பரிட்சை நடக்கலன்னு காரணத்தையும் ஒரு பத்தியில எழுதி, பெங்கெத்துவா (தலைமையாசிரியர்) கையெழுத்து, ஸ்கூல் சோப், அதான் முத்திரை, எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. அந்தக் காரணம் எழுதின பத்தி இல்லன்னா கண்டிப்பா கேள்வி கேட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். 2020, 2021ல ஃபார்ம் 3 முடிச்ச பிள்ளைங்க இன்னும் இருந்தா இந்த மாதிரி ஒரு கடுதாசி வாங்கிடுங்க.

ரிசல்ட் எல்லாம் மலாய்ல இருக்கும், அதனால மூலப் பேப்பரும் வேணும், அதுக்கு வரிக்கு வரி சர்டிஃபைடு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வேணும். ரெண்டும் சேந்து போகணும், மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க. நாங்க கேஎல்ல இருக்கிற ஐ.டி.பி.எம், அதான் அரசாங்கத்தோட மொழிபெயர்ப்பு நிறுவனம், அங்க குடுத்தோம். சுத்தமா பண்ணிக் குடுத்தாங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திரை. நானே மொழிபெயர்த்துடலாம்னு ஆரம்பத்துல நினைச்சேன், எனக்கு மலாய், இங்கிலீஷ் ரெண்டும் வரும், ஆனா அக்கா தங்கச்சிக்குப் பண்ணின மொழிபெயர்ப்பு சர்டிஃபைடு ஆகாது, அந்த வேலையை வச்சிக்காதீங்க.

ஸ்கேன் பண்றதுக்கு டவுன்ல ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற போட்டோஸ்டேட் கடைக்குப் போனேன். இந்த ரிவ்யூல ஒரு கடையை மனசாரப் புகழணும்னா அந்தக் கடையைத்தான். கடைக்கார அண்ணன் மொதல்ல கறுப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணிட்டு, பாத்துட்டு, இல்லம்மா இந்த நீல சோப் மங்கலாத் தெரியுது, கலர்ல பண்ணாத்தான் அசல்னு நம்புவாங்கன்னு அவரா மறுபடி பண்ணினாரு, முதல்ல பண்ணினதுக்குக் காசு வாங்கல. எஸ்.பி.எம் சர்டிபிகேட்டைக் கண்ணாடியில வைக்கிறதுக்கு முன்னாடி கையைத் துடைச்சிக்கிட்டு ரெண்டு விரல்ல ஓரத்தைப் புடிச்சி வச்சாரு. 11 பக்கம், ஒவ்வொண்ணுக்கும் பேரு போட்டு, வருஷம் போட்டு, பென்டிரைவ்ல குடுத்தாரு. அம்மா வெளிய நின்னுக்கிட்டு ஆயிடிச்சா ஆயிடிச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

எஸ்.பி.எம் பத்தி ஒண்ணு. 2022 எஸ்.பி.எம் நடந்தது 2023 பிப்ரவரி, மார்ச்சுல, ரிசல்ட் வந்தது 2023 ஜூன் 8. முதல்ல கையில குடுக்கிறது ரிசல்ட் ஸ்லிப்தான், சர்டிபிகேட் பின்னாடி ஸ்கூலுக்கு வரும். ஸ்கூல் முடிச்சதுக்கு அத்தாட்சி கேக்கும்போது ஸ்லிப்போட நிக்காம சர்டிபிகேட் வந்திடுச்சான்னு ஸ்கூல்ல போய் போய்க் கேளுங்க, அவங்க கூப்பிட்டுச் சொல்லுவாங்கன்னு உக்காந்திருந்தா மாசம் ஓடிடும்.

இனி அமெச்சூரிசம். இதுதான் நம்ம பக்கத்துல யாருக்கும் தெரியாத விஷயம், நானும் இதுக்குத்தான் ரொம்பப் பயந்தேன். எந்தெந்த டீம்ல இருந்த, எந்தெந்தப் போட்டிக்குப் போன, யாரு செலவு பண்ணினா, பரிசுப் பணம் வாங்கினியா, ஏஜெண்ட் இருக்கா, புரொஃபஷனல் டீமோட எதாவது ஒப்பந்தம் இருக்கான்னு வரிசையா கேப்பாங்க. நாங்க பண்ணின வருஷத்துல இருந்த ரூல்படி, காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி ஒரு போட்டியில பரிசுப் பணம் வாங்கியிருந்தா அது அந்தப் போட்டிக்குப் போய் வந்த உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது. டென்னிஸுக்கு மட்டும் தனிக் கணக்கு. இந்த ரூல்ல எல்லாம் இப்போ கோர்ட்டு, கேஸுன்னு நிறைய மாத்தம் வந்துக்கிட்டு இருக்கு, அதனால அந்தந்த வருஷத்து கைட்டைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

தங்கச்சி ஃபார்ம் 4ல ஒரு ஓப்பன் மீட்ல முதல் இடம் வந்து 200 வெள்ளியும் ஒரு ஹாம்பரும் வாங்கினா. வேற எதுவும் பணமா வாங்கல. அதைச் சொல்லணுமா வேணாமான்னு வீட்டுல பெரிய பேச்சு. சித்தப்பா சொன்னாரு, 200 வெள்ளி அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியப் போவுதுன்னு. நான் ஒத்துக்கல. அந்த மீட்டோட ரிசல்ட் பேஸ்புக்குல படத்தோட கெடக்கு, காசோலை அட்டையைப் புடிச்சிக்கிட்டு இவ சிரிக்கிறா. மறைச்சி மாட்டினா அந்த 200 வெள்ளி பெரிய விஷயமாயிடும், சொல்லிட்டா சின்ன விஷயம். அதனால சொல்லணும், ஆனா செலவு அதைவிட அதிகம்னு காட்டணும். அப்பா மைலோ டின்னுல எல்லா ரசீதும் போட்டு வச்சிருந்தாரு. திறந்து கொட்டினேன். பெட்ரோல் ஸ்டேஷன் ரசீது மூணு, டோல் ரசீது ரெண்டு, எல்லாம் வெள்ளைத் தாள். எழுத்தே இல்ல. அந்தச் சூடு பட்டு அச்சாகுற தாள் இருக்கே, அது ரெண்டு வருஷத்துல மங்கி ஒண்ணுமே இல்லாம ஆயிடும்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சிச்சு. லைட்டுக்கு நேரா புடிச்சிப் பாத்தேன், ஒரு தாள்ல மட்டும் தேதி லேசா தெரிஞ்சிச்சு. கடைசியில கை குடுத்தது நாங்க தங்கின சின்ன ஹோட்டல் ரசீது, கார்பன் வச்சி பேனாவுல எழுதினது, ரெண்டு ராத்திரிக்கு 180 வெள்ளி, சோப் அடிச்சி பளிச்சின்னு இருந்திச்சு. அதோட போட்டிக்குக் கட்டின நுழைவுக் கட்டணம் 30 வெள்ளி, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருந்திச்சு. 210 ஆயிடிச்சு. இந்த ரெண்டையும், தூரத்தையும், வண்டி நம்பரையும் போட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தோம். ஒத்துக்கிட்டாங்க.

இதைவிட முக்கியமானது வருஷக் கணக்கு. நம்ம பிள்ளைங்க பண்றது என்ன, எஸ்.பி.எம் முடிச்சிட்டு ஃபார்ம் 6 போவாங்க, இல்ல மெட்ரிகுலேஷன், இல்ல தனியார் காலேஜ்ல ஃபவுண்டேஷன், அதோட மாநிலத்துக்கு விளையாடிக்கிட்டே இருப்பாங்க, 20 வயசுல அமெரிக்காவுக்கு ட்ரை பண்ணலாம்னு யோசிப்பாங்க. எங்க காலத்து ரூல்படி டிவிஷன் 1ல பெரும்பாலான விளையாட்டுக்கு ஸ்கூல் முடிக்க வேண்டிய தேதியிலேர்ந்து ஒரு வருஷம்தான் அவகாசம், டென்னிஸுக்கு ஆறே மாசம். அதைத் தாண்டியும் போட்டியில கலந்துக்கிட்டா ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சீசனைக் கழிப்பாங்க, சேந்த முதல் வருஷம் போட்டிக்கு விட மாட்டாங்க. இன்னொண்ணு, அப்போ இருந்த ரூல்படி எந்த நாட்டுக் காலேஜா இருந்தாலும் ஃபுல் டைமா சேந்துட்டா டிவிஷன் 1ல அஞ்சு வருஷக் கணக்கு ஓட ஆரம்பிச்சிடும், அந்த அஞ்சு வருஷத்துக்குள்ளதான் நாலு சீசன். அதனால எஸ்.பி.எம்முக்குப் பிறகு எங்க சேக்குறோம்ங்கிறதை இதை மனசுல வச்சி முடிவு பண்ணணும். தங்கச்சியோட கூடத் தாண்டின பொண்ணு ஒருத்தி, இவளைவிட நல்லாத் தாண்டுவா, எஸ்.பி.எம் முடிச்சி மூணு வருஷம் மீட் மேல மீட்டா போய் மெடல் வாங்கினா. அப்புறம்தான் இந்தக் கணக்கைப் பாத்தோம். அந்தப் புள்ளை எங்க வீட்டு முன்வாசல் அஞ்சடியில உக்காந்து கேட்டுட்டு, சரிக்கான்னு சொல்லிட்டுப் போனா. யாராவது ஒருத்தரு ஃபார்ம் 5லயே அவகிட்ட சொல்லியிருந்தா போதும்.

மத்தபடி வேலை நடக்குற விதம் ஒழுங்கா இருக்கு. பேப்பர் எல்லாம் போய்ச் சேந்தாலும் உடனே எடுத்துப் பாக்க மாட்டாங்க. ஏதாவது ஒரு காலேஜ் உங்க பிள்ளை எங்களுக்கு வேணும்னு அவங்க லிஸ்ட்ல பேரைப் போடணும், அப்பதான் முடிவு எடுப்பாங்க. நாங்க இது தெரியாம ஒண்ணரை மாசம் தினமும் திறந்து திறந்து பாத்துக்கிட்டு இருந்தோம். காலேஜ்ல கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும், இந்த ரூல் எல்லாம் பாக்குறதுக்குன்னே. கோச்சைப் போட்டுக் குடையாதீங்க, கம்ப்ளையன்ஸுக்கு எழுதுங்க, எங்களுக்குப் பதில் சொன்ன அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் நம்பர் போட்டுப் பதில் எழுதினாங்க. ஆகஸ்டுல சேர்ற பிள்ளைங்க ஏப்ரல் 1லேர்ந்து ஃபைனல் அமெச்சூரிசம் முடிவு கேட்டு கணக்குல ஒரு பட்டன் அமுக்கணும். ஜனவரியில சேர்றவங்களுக்கு அக்டோபர் 1. தானா நடக்கும்னு விட்டா நடக்காது. நான் 2024 ஏப்ரல் 1 ராத்திரி, அங்க காலையில, உக்காந்து அமுக்கினேன். அங்க கோடையில நமக்கும் அவங்களுக்கும் சரியா 12 மணி நேரம் வித்தியாசம், அங்க ஆபீஸ் திறக்கிற நேரத்துல நான் ராத்திரிச் சாப்பாடு முடிச்சி உக்காருவேன், பழகிட்டா வசதியாவே இருக்கும்.

மே மாசம் ஒரு காலையில தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல் போட்டுக்கிட்டு இருக்கும்போது தங்கச்சி ஃபோன்ல படம் அனுப்பினா. படிப்புல ஃபைனல் குவாலிஃபையர், அமெச்சூரிசம்ல சர்டிஃபைடு. நான் எழுந்து வெளிய போனேன், அப்பா அந்த நேரம் ரம்ப் பக்கம் குலை ஏத்திக்கிட்டு இருந்தாரு, லோரி சத்தத்துல நான் சொன்னது கேக்கல, ஃபோனைக் காட்டினேன், கையுறையைக் கழட்டிட்டுத்தான் வாங்கினாரு, அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் காலேஜ்லேர்ந்து விசாவுக்கு வேண்டிய ஐ-20 ஃபாரம் வந்திச்சு, வெளிநாட்டு மாணவர் பதிவான செவிஸுக்கு 350 டாலர், விசாவுக்கு 185 டாலர் கட்டினோம், கேஎல் துன் ரசாக் ரோட்டுல இருக்கிற எம்பசியில இண்டர்வியூ. அது தனிக் கதை. ஒண்ணு மட்டும், எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல போற பிள்ளைங்க அங்க மத்தப் பிள்ளைங்க மாதிரி விளம்பரக் காசு வாங்க முடியாது, விசாவுக்கே ஆபத்து, யாராவது காசு தர்றேன்னு வந்தா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேக்கச் சொல்லுங்க. சரவாக்ல நடந்த சுக்மா 2024, அதான் மலேசியா மாநிலங்க மோதுற விளையாட்டுப் போட்டி, அவளுக்குப் போக முடியல, அதே ஆகஸ்டுல காலேஜ் ஆரம்பம். அழுதா. பேராக் ஜெர்சியை மட்டும் பெட்டியில எடுத்து வச்சிக்கிட்டா.

மார்க் போடணும்னா இந்த சர்டிபிகேஷனுக்கு நான் 5க்கு 4.5 குடுப்பேன். கைட் தெளிவா இருக்கு, யாரையும் தெரிஞ்சிருக்க வேணாம், கேட்ட பேப்பரைக் கேட்ட மாதிரி குடுத்தா வேலை நடக்குது. எஸ்டேட் பிள்ளையா டவுன் பிள்ளையான்னு அங்க யாரும் பாக்கல. அரை மார்க் ஏன் குறைச்சேன்னா, எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கு, அப்பா அம்மா தானா படிச்சிப் புரிஞ்சிக்க வழியே இல்ல, அந்த இடைவெளியிலதான் ஏஜெண்ட் ஆளுங்க புகுந்துக்கிறாங்க. அந்த ஏஜெண்டுக்கு ஒண்ணும் கெடையாது. போட்டோஸ்டேட் கடை அண்ணனுக்கு 5க்கு 5.

எங்க செலவு, விசா, டிக்கெட் எல்லாம் விட்டுட்டு சர்டிபிகேஷனுக்கு மட்டும் பாத்தா: 160 டாலர், மொழிபெயர்ப்பு, ஸ்கேன், ரெண்டு தடவை கேஎல் பஸ். 1,500 வெள்ளிக்குள்ள முடிஞ்சிடிச்சு, அந்த முன்பணம் அளவுக்குக் கூட வரல.

பக்கத்துத் தோட்டத்துல ஃபார்ம் 3 பையன் ஒருத்தன் ஈட்டி எறியுறான், அவன் அம்மா போன வாரம் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, என்னைப் புடிச்சிக்கிட்டாங்க. ஃபைல் ஒண்ணு வாங்கி, இந்த வருஷத்து ரிசல்ட்டை ஸ்கூல் சோப்போட முதல் பக்கத்துல வைக்கச் சொல்லியிருக்கேன். போட்டிக்குப் போற அன்னிக்கே பெட்ரோல் ரசீது, டோல் ரசீது, சாப்பாட்டு ரசீது எல்லாத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். அவங்க அங்கயே அப்பம் வாங்கின கையோட, அன்னிக்கு ஈப்போ போன ரசீது இன்னும் பையிலதான் இருக்குன்னு சொல்லித் தேட ஆரம்பிச்சிட்டாங்க.